யாரும் இல்லாத இடம்

திருவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில் என் சித்தி மகனிடம் ஆழ்கடல் சுரங்கம் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். நூற்பாலையில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். "பேட்டரிக்குத்தானண்ணே எடுக்குறாங்க? கடலுக்கு அடியில யாரு குடியிருக்கா? இங்க மலையைத் தோண்டி ஆளை விரட்டுறதுக்கு அது தேவல" என்றான். முற்போக்கு நண்பர்கள் சிலர் கட்டுரையாகவே எழுதுவதும் இதைத்தான். ஆய்வு மாணவன் என்றால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பேன் என்பது அவன் நினைப்பு. அன்று வாயடைத்துப் போனேன். இப்போது சொல்கிறேன்.

"அங்கே யாரும் இல்லை" என்பது நாம் கேட்டுப் பழகிய வாக்கியம். குப்பைக் கிடங்கு எங்கே வரும், கழிவுநீர் எந்த ஓடையில் இறங்கும் என்று முடிவு செய்தவர்களும் இதையே சொன்னார்கள். புறம்போக்கு, தரிசு என்று ஏட்டில் எழுதிய இடத்தில்தான் நம் பாட்டிகள் ஆடு மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். ஏட்டில் இல்லையென்றால் ஆளே இல்லை!

கடலடியும் காலியாக இல்லை. நான்காயிரம் மீட்டருக்கும் கீழே உருளைக்கிழங்கு போலக் கிடக்கும் உலோக முண்டுகளில் நிக்கலும் கோபால்ட்டும் தாமிரமும் இருக்கின்றன. பத்து லட்சம் ஆண்டுகளில் அவை சில மில்லிமீட்டர்தான் வளரும். அவற்றைப் பற்றிக்கொண்டு வாழும் உயிர்களுக்கு வேறு தரை கிடையாது. 1989இல் பெரு நாட்டுக்கு அப்பால் பசிபிக் தரையைச் சோதனைக்காக உழுதார்கள். 26 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் உழுத தடம் அழியவில்லை.

இந்தியா 2002இல் ஒப்பந்தம் போட்டது. மத்திய இந்தியப் பெருங்கடலில் நமக்குரிய ஆய்வுப் பரப்பு 75,000 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். 2021இல் 4,077 கோடி ரூபாய்க்கு ஆழ்கடல் திட்டம் வந்தது. 2024 நவம்பரில் கடல் கனிமங்களுக்கு 13 வட்டாரங்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் ஏழு கிரேட் நிக்கோபாருக்கு அப்பால், மூன்று கொல்லத்துக்கு அப்பால். கொல்லத்தில் ஏலத்துக்கு வந்தது மணல். 2025 பிப்ரவரியில் கேரள மீனவர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். யாரும் இல்லாத கடலுக்காக இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்?

சர்வதேசக் கடலடி மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்கிறது 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்டம். நல்ல சொல். மகாடு நகராட்சியும் 1924இல் சவுதார் குளத்தைப் பொது என்றுதான் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரோடு போய் நம் மக்கள் தண்ணீர் குடித்தபோது அடி விழுந்தது. பிறகு சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். கடலடிக்கு அந்தப் பாசாங்குகூட நிலைக்கவில்லை. 2025 ஏப்ரலில், சர்வதேச அமைப்பைக் கேட்காமலே உரிமம் கொடுக்க அமெரிக்க அதிபர் உத்தரவு போட்டார்.

காங்கோவில் கோபால்ட் தோண்டும் குழந்தைகளைக் காட்டி, கடல்தான் கருணையான வழி என்கிறார்கள். கடலைத் தோண்டினால் காங்கோவில் ஒரு குழியாவது மூடப்படுமா? அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டையும் தோண்டுவார்கள். நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் ஏற்கெனவே சாலையில் ஓடுகின்றன. பழைய மின்கருவிகளில் கிடக்கும் உலோகத்தை தில்லி சீலம்பூரில் ஏழைகள் முகக்கவசம்கூட இல்லாமல் பிரித்தெடுக்கிறார்கள். அவர்களுக்குக் கூலியும் பாதுகாப்பும் கொடுக்க மட்டும் கோடிகள் வராது.

அன்று பேருந்தில் நிற்கவும் இடமில்லை. "பஸ்ஸு ஒழுங்கா வந்தா எனக்கு எதுக்குண்ணே ஸ்கூட்டர்?" என்று இறங்கும்போது கேட்டான், மாதத் தவணையைக் கணக்குப் போட்டபடி.