நகல் கேட்பவரைக் கேளுங்கள்

நம்முடைய ஊர்களில் தாலுகா ஆபீசுக்கு எதிரிலும், பத்திரப்பதிவு அலுவலகத்தின் வாசலிலும், வங்கிக் கிளைகளின் அருகிலும் ஒரு ஜெராக்ஸ் கடை தவறாமல் இருப்பதைக் காண்பவர்கள், இந்தத் தேசத்தில் ஒரு பிரஜை தான் இன்னார் என்று நிரூபிப்பதற்கு எவ்வளவு காகிதத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது என்பதை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். காஸ் இணைப்புக்கு ஒன்று, சிம் கார்டுக்கு ஒன்று, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒன்று, வாடகை வீட்டுக்கு ஒன்று, யாத்திரை போன ஊரில் லாட்ஜில் தங்க ஒன்று என்று ஆதார் அட்டையின் நகல்கள் கணக்கில்லாமல் கைமாறிப் போகின்றன. கொடுத்தவர் அன்றைக்கே அதை மறந்துவிடுகிறார். வாங்கியவரோ மேஜையின் அறை ஒன்றில் போட்டுவைத்து, அந்த அறை நிரம்பியதும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார். அடையாளத் திருட்டு என்று இன்று பெரிதாகப் பேசப்படும் குற்றத்தை ஆராயப் புகும் எவரும், எங்கோ அந்நிய தேசத்தில் கணினியின் முன்னால் முகமூடியணிந்து அமர்ந்திருப்பதாகச் சித்திரிக்கப்படும் ஹேக்கரைத் தேடிப் புறப்படுவதற்கு முன், இந்த மேஜை அறையைச் சற்றுத் திறந்து பார்ப்பது உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

ஹேக்கர்கள் என்போர் கற்பனைப் பாத்திரங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்து லட்சக்கணக்கானோரின் விவரங்களை அள்ளிச் செல்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் அள்ளிச் செல்வது என்ன என்று யோசித்தால், பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, விலாசம், கைபேசி எண், ஆதார் எண், பான் எண், புகைப்படம் ஆகியவையே. அதாவது, ஒரு லாட்ஜின் முன்மேஜையில் யாதொரு யோசனையும் இல்லாமல் நாமே நீட்டிவிடுகிற அதே விஷயங்கள்தாம். இவற்றைக் கைவசப்படுத்தியவன் நம் பெயரில் ஒரு சிம் கார்டு வாங்குகிறான். அந்த எண்ணைக் கொண்டு ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கி, வேறு யாரோ ஏமாந்து அனுப்பும் பணத்தை அதில் வரவு வைத்து எடுத்துக்கொள்கிறான். பான் எண்ணைக் காட்டிக் கைபேசிச் செயலி ஒன்றில் கடன் வாங்கி, அதைத் தீர்க்கும் பாக்கியத்தை நமக்கு விட்டுவிடுகிறான். தினக்கூலி வேலை செய்யும் ஒருவருடைய வீட்டுக்கு, அவர் நடத்துவதாகச் சொல்லப்படும் கம்பெனியின் கோடிக்கணக்கான ரூபாய் வியாபாரத்துக்கு ஜி.எஸ்.டி. பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்த செய்தி, தமிழ்நாட்டுப் பத்திரிகைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதன்று. லோன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி எவரோ வாங்கிப்போன நகல்கள், எங்கோ ஒரு போலிக் கம்பெனியாக அவதாரம் எடுத்திருக்கும். தான் அந்த முதலாளி அல்லர் என்று நிரூபிப்பதற்காக அந்த மனிதர் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்குகிறார். அங்கேயும் அவரிடம் முதலில் கேட்பது ஓர் ஆதார் நகல்தான்.

காகிதத்தில் இருக்கும் எண்ணையாவது மறைக்கலாம், கைரேகையை என்ன செய்வது? 2018ஆம் ஆண்டில் தெலங்கானா மாநிலத்தில் அகப்பட்ட சிம் கார்டு வியாபாரி ஒருவர், விற்பனை இலக்கை எட்டுவதற்காகக் கையாண்ட உபாயத்தை அறிந்தால் இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். அவர் எந்தக் கணினியையும் உடைக்கவில்லை. பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படியாக வைக்கப்பட்டிருந்த நிலப் பத்திரங்களை இறக்கிக்கொண்டு, அவற்றிலிருந்த பெருவிரல் ரேகைகளை ரப்பர் முத்திரைபோல அச்செடுத்து, அந்தப் போலி ரேகைகளை இயந்திரத்தில் வைத்தே முன்பின் அறியாத மனிதர்களின் பெயர்களில் இணைப்புகளை வழங்கியிருந்தார். எழுதத் தெரியாதவருக்குக் கையொப்பத்தின் ஸ்தானத்தில் இருந்த இடதுகைப் பெருவிரலின் மைப்பதிவு, எழுதத் தெரிந்தவருக்கும் ஒரு கூடுதல் உறுதியாக இருந்து, கடைசியில் களவுக்கான அச்சாகப் பரிணமித்துவிட்டது. சர்க்கார் தானே வாங்கி, தானே படமெடுத்து, தானே ஊரறிய வெளியிட்ட ரேகை அது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

கிராமத்துக் கடையில் வைத்திருக்கும் சிறு இயந்திரத்தில் விரலை வைத்து வங்கிப் பணத்தை எடுக்கும் ஆதார் வழிப் பணப் பட்டுவாடா முறை, நல்ல நோக்கத்தோடு ஏற்பட்டது. வங்கிக் கிளைக்குப் பத்து மைல் போக முடியாத முதியோரும், நூறு நாள் வேலை செய்வோரும் அதனால் பயனடைந்திருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு வேண்டியவை வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ஆகிய மூன்றே, ஓ.டி.பி. வராது, ரகசிய எண்ணும் கிடையாது. நகலிலிருந்து எண்ணும், பத்திரத்திலிருந்து ரேகையும் எடுத்துச் சிலிக்கானில் விரல் வார்த்தவர்கள் பல மாநிலங்களில் பிடிபட்ட பிறகு, 2023இல் ஆதார் ஆணையம், இயந்திரத்தின் மேல் வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நல்ல காரியம்தான், சற்றுத் தாமதமாக வந்தது. சாவி தொலைந்தால் பூட்டை மாற்றிவிடலாம். ரேகை தொலைந்தவருக்கு மாற்று விரலுக்கு வழியில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு, அதிகாரிகள் ஜனங்களுக்கு ஒரே குரலில் புத்தி சொல்லியிருப்பார்கள் என்றுதானே எவரும் எண்ணுவார்கள்? 2022ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் தேதி, ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆதார் நகலை எந்த நிறுவனத்திடமும் கொடுக்காதீர்கள், அது தவறாகப் பிரயோகிக்கப்படலாம், அவசியமானால் கடைசி நான்கு இலக்கங்கள் மாத்திரம் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள், உரிமம் பெறாத ஹோட்டல்களும் சினிமாக் கொட்டகைகளும் நகல் வாங்கி வைக்க அனுமதி இல்லை என்பது அதன் சாராம்சம். என் பார்வையில், ஆதார் தொடங்கிய நாள் முதல் வெளிவந்தவற்றுள் மிக விவேகமான அறிவிப்பு அதுதான். அதற்கு ஆயுள் இரண்டே நாள். தவறாகப் பொருள் கொள்ளப்படலாம் என்று காரணம் கூறி, மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 29ஆம் தேதி அதை வாபஸ் வாங்கிக்கொண்டு, ஜனங்கள் வழக்கமான ஜாக்கிரதையோடு நடந்துகொண்டால் போதும் என்றது. எண்ணைக் கேட்பவர் எவரிடமும் கொடுத்துப் பழகியதுதான் இங்கே வழக்கம் என்றிருக்கையில், வழக்கமான ஜாக்கிரதை என்பது எந்த அளவுக்கு ஜாக்கிரதை என்பதை அமைச்சகம் விளக்கவில்லை.

எண் தெரிந்துவிட்டால் மாத்திரம் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களும் உண்டு. ஆதார் ஆணையத்தில் தொடக்க காலத்தில் தலைமைப் பொறுப்பு வகித்தவரும், 2018இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்தவருமான ஆர்.எஸ். சர்மா, அவ்வாண்டு ஜூலை 28ஆம் தேதி தம் ஆதார் எண்ணை ட்விட்டரில் பகிரங்கமாக எழுதி, இதனால் எனக்கு என்ன தீங்கு செய்துவிட முடியும், செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். சில மணி நேரத்துக்குள் அவருடைய கைபேசி எண், விலாசம், பிறந்த தேதி, பான் எண் ஆகியவற்றைப் பலர் எடுத்துப் போட்டார்கள். அவர் கணக்கில் ஒரு ரூபாயைச் செலுத்திக் காட்டியவரும் உண்டு. இவையெல்லாம் ஆதார் கணினியிலிருந்து எடுக்கப்படவில்லை, இணையத்தில் ஏற்கெனவே கிடைப்பவைதாம் என்று ஆதார் ஆணையம் சொன்னது உண்மையே. ஆனால் அதே ஆணையம் சில நாட்களுக்குள், ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிட வேண்டாம் என்று ஜனங்களை எச்சரித்தது. உயர் பதவியில் இருப்பவருக்கு வங்கியும் போலீசும் ஒரு போன் செய்தால் உதவிக்கு வந்துவிடும். முதியோர் உதவித்தொகைக் கணக்கில் பணம் குறைந்திருப்பதை மூன்று மாதம் கழித்து அறிகிற பாட்டிக்கு அந்த வசதி இல்லை.

சட்டம் என்ன செய்கிறது? கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி, 2012ஆம் ஆண்டில், தம் 86ஆம் வயதில், ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில்தான், 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் என்பது பிரஜையின் அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மறு ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதித் தீர்ப்பு, ஆதாரை ஏற்றுக்கொண்டபோதிலும், தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்க வழிவகுத்த, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியைச் செல்லாது என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும், வாடிக்கையாளர் மனமுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. மனமுவந்து என்பதற்கும், கொடுத்தால்தான் காரியம் ஆகும் என்பதற்கும் கவுண்டரில் நிற்கும்போது எந்த வித்தியாசமும் தெரிவதில்லை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

2023 ஆகஸ்டில் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அமலுக்கு வருவதற்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். குறிப்பிட்ட நோக்கத்துக்கு அவசியமான விவரத்தை மாத்திரமே கேட்க வேண்டும், நோக்கம் நிறைவேறியதும் அதை அழித்துவிட வேண்டும், பாதுகாப்பில் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் நல்ல அம்சங்கள் உள்ளன. ஆயினும் அந்த அபராதப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகுமே தவிர, விவரத்தைப் பறிகொடுத்தவர் கைக்கு ஒரு காசும் வராது. பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு பெற வழி செய்திருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43அ பிரிவையும் இந்தப் புதிய சட்டம் நீக்கிவிடுகிறது. அற்பமான புகார் கொடுத்தார் என்று முடிவானால், புகார் கொடுத்த பிரஜைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதில் இடமிருக்கிறது. மத்திய சர்க்கார் குறிப்பிட்டு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கோ விலக்கு உண்டு.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பளிப்பது ஒன்று உண்டு. அச்சட்டம் கணினியில் உள்ள தரவுக்கும், காகிதத்தில் வாங்கிப் பின்னர் கணினியில் ஏற்றப்பட்ட தரவுக்கும் மாத்திரமே பொருந்தும். காகிதமாகவே வாங்கி, காகிதமாகவே மேஜை அறையில் தூங்கி, காகிதமாகவே எடைக்குப் போகும் நகலைப் பற்றி அதற்கு யாதொரு கவலையும் இல்லை. பொதுஜனங்களின் விவரம் எந்த வாசல் வழியாக அதிகமாக வெளியேறுகிறதோ, அந்த வாசலை விட்டுவிட்டு மற்ற வாசல்களுக்கெல்லாம் காவல் போட்டிருக்கிறோம்.

எனவேதான், ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லாதீர்கள் என்று தினமும் நமக்கு உபதேசிக்கும் குரல்களின் மேல் எனக்குச் சற்றுக் கோபம் வருகிறது. உபதேசம் தவறானதன்று, ஆனால் குற்றத்தின் பாரம் முழுவதையும் ஏமாந்தவர் தலையில் இறக்கிவைக்கும் தந்திரம் அதில் ஒளிந்திருக்கிறது. அவசியமில்லாமல் கேட்டவர், வாங்கியதைப் பூட்டி வைக்காதவர், கிழிக்காமல் எடைக்குப் போட்டவர் ஆகிய மூவரையும் விட்டுவிட்டு, நான்காவதாக நிற்கும் ஏழையைப் பார்த்து நீ ஏன் ஜாக்கிரதையாக இல்லை என்று கேட்பது நியாயமாகாது.

சட்டம் செம்மைப்படும் வரையில் நாம் சும்மா இருக்க முடியாதாகையால், செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். நகல் கொடுத்தே தீர வேண்டுமானால், ஆணையத்தின் தளத்திலிருந்து மறைப்பு ஆதாரை எடுத்துக் கொடுக்கலாம். அதன் மேல் குறுக்காக இன்ன காரியத்துக்கு, இன்ன தேதியில், இன்னாரிடம் கொடுத்தது என்று எழுதிக் கையொப்பமிடும் பழைய குமாஸ்தாக்களின் வழக்கம் இன்றும் பழுதாகிவிடவில்லை. ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைத்து, வேண்டும்போது மட்டும் திறந்துகொள்ளும் வசதி இருக்கிறது. வீட்டில் முதியவர்கள் இருந்தால் பிள்ளைகள் உட்கார்ந்து அதைச் செய்து கொடுப்பது பெரிய உபகாரம். நம் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் உலவுகின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, அறியாத எண்ணைத் துண்டிக்கச் சொல்லலாம். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கொருமுறை இலவசமாக அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. நாம் வாங்காத கடன் அதில்தான் முதலில் தலைகாட்டும். பணம் போய்விட்டதென்றால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல் அந்த நிமிஷமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் தடுத்து நிறுத்துவதற்கு அதைவிட நல்ல மார்க்கம் இல்லை. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் நேர்ந்த நஷ்டத்தை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவை, வங்கிக்குப் போகும்போது நினைவில் வைத்திருப்பது நல்லது.

இவையெல்லாம் தனிமனிதர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள். ஆனால் நகல் கேட்கும் பழக்கத்தை ஒழிக்க வேண்டியது அரசு. ஆதார் அட்டையிலேயே ஒரு க்யூ.ஆர். குறியீடு அச்சாகியிருக்கிறது, அதைக் கைபேசியில் படித்துப் பார்த்தால் அட்டை அசல்தானா என்பது இணைய வசதி இல்லாமலேயே தெரிந்துவிடும், பார்த்துவிட்டு அட்டையை உடையவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். இவ்வளவு எளிய வழி கைவசம் இருக்கும்போது, எல்லா அலுவலகங்களும் காகிதத்தைக் குவிப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. தமிழக அரசு முதலில் தன்னுடைய தாலுகா அலுவலகங்களிலும், பதிவு அலுவலகங்களிலும், பள்ளிகளிலும், ஆஸ்பத்திரிகளிலும் எந்தெந்தக் காரியத்துக்கு நகல் மெய்யாகவே தேவை என்று பட்டியலிட்டு, மற்றவற்றுக்குக் கேட்கக் கூடாதென்றும், இதுவரை சேர்ந்து கிடப்பதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அழித்துவிட வேண்டுமென்றும் உத்தரவிடட்டும். அதற்குப் புதிய சட்டமோ, சட்டமன்றத்தின் விவாதமோ தேவையில்லை; தலைமைச் செயலாளரின் சுற்றறிக்கை ஒன்றே போதும்.