படத்திலே ஆனந்தம், வயிற்றிலே பட்டினி!

கிராம வாழ்க்கையே மேலான வாழ்க்கை, கூழைக் குடித்தாலும் குடியானவனே கவலையற்றவன் என்று சொல்லிக் கொண்டு திரிகின்றவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கின்றார்கள். ஆனால் அப்படிச் சொல்லுகின்றவர் எவரும் கூலிக்கு ஏர் பிடித்ததாக மாத்திரம் நாம் கேட்டதில்லை. இதற்கு 19-வது நூற்றாண்டு இங்கிலாந்தின் சித்திரங்களையே சாட்சிக்கு அழைப்போம்.

ஜான் கான்ஸ்டபிள் என்பவர் அந்நாட்டில் பேர்போன சித்திரக்காரர். அவர் 1821-ல் தீட்டிய உலர்புல் வண்டிப் படம் லண்டன் தேசியச் சித்திர சாலையில் இருக்கின்றது. ஆறு, மரம், வீடு, நாய், தண்ணீரில் நிற்கும் வண்டி எல்லாம் அழகாகவே இருக்கின்றன. வயலில் பாடுபடுகின்றவர்களோ தூரத்தில் எறும்பளவு புள்ளிகளாய் இருக்கின்றார்கள்! அந்த இடத்து மாவு ஆலை சித்திரக்காரரின் தகப்பனாருடைய சொத்து; படம் தீட்டப்பட்டதோ லண்டன் பட்டணத்தில். ஆலைக்காரர் பிள்ளைக்குக் கிராமம் அழகாய்த் தோன்றியதில் ஆச்சரியமென்ன?

நிற்க, அக்காலத்துக் கூலியாளின் யோக்கியதை எப்படி இருந்தது? ஏழைகள் ஆடு மாடு மேய்த்த பொது நிலங்களைப் பார்லிமெண்டுச் சட்டத்தின் பேரிலேயே பிரபுக்கள் வேலி போட்டுச் சேர்த்துக் கொண்டார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு பாதிரிமாருக்கு என்று வரி இருந்தது. குளிர்காலத்துப் பிழைப்பாகிய கதிரடிப்பும் யந்திரத்துக்குப் போயிற்று. யந்திரம் குற்றமல்ல, அதன் லாபமெல்லாம் ஒருவனுக்கு, பட்டினியெல்லாம் மற்றவனுக்கு என்ற ஏற்பாடே குற்றம். 1830-ல் கூலியாட்கள் யந்திரங்களை உடைத்துக் கூலி உயர்வு கேட்டார்கள். சர்க்கார் 19 பேரைத் தூக்கிலிட்டது. சுமார் 500 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிற்று.

இக்கூலியாட்களில் ஒரு பகுதியாரை விசாரிக்க 1831 ஜனவரியில் விசேஷ கோர்ட்டு கூடிய இடம் சாலிஸ்பரி நகரம். அதே வருஷத்தில் கான்ஸ்டபிள் காட்சிக்கு வைத்ததும் அதே சாலிஸ்பரியின் மாதா கோவில் படந்தான்! புயல் மேகத்துக்கு நடுவே கோவிலுக்கு மேல் ஒரு வானவில். கீழே தண்ணீரில் மறுபடியும் ஒரு வண்டி. தண்டனை பெற்றவர்களும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும் அதில் எங்கே? கோவிலுக்கு வானவில், கூலிக்குக் கப்பல்! இதுதான் அந்த ஆனந்தக் கிராமத்தின் இரகசியம்.

"கலையில் பசியைத் தேடலாமா?" என்று சிலர் கேட்கக் கூடும். படம் அழகில்லை என்று நாம் சொல்லவில்லை. அழகைக் காட்டி, "ஏழை ஏழையாகவே சுகமாய் இருக்கின்றான், அவனுக்குக் கூலியும் வேண்டாம், ஓட்டும் வேண்டாம்" என்று நம்பச் செய்வதையே பித்தலாட்டம் என்கின்றோம். அந்நாட்டுக் கிராமக் கூலியாட்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடைத்தது 1884-ல்தான். அதுவும் ஆண்களுக்கு மாத்திரமே!

ஆகவே தோழர்களே! கிராமத்தின் அழகைப் பற்றி எவராவது படமோ, பாட்டோ, பிரசங்கமோ கொண்டு வந்தால் மூன்றே கேள்விகள் கேளுங்கள். நிலம் யாருடையது? கூலி எவ்வளவு? புகழுகின்றவர் தம் பிள்ளையை அந்தக் கூலிக்கு அனுப்புவாரா? பதில் வந்த பிறகு படத்தைப் பார்த்து ரசிப்போம்.