புன்னையை மறந்த நெய்தல்



திருச்செந்தூருக்கு வடக்கே, பொருநை கடலொடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல் என்றோர் ஊர் உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரான அண்டிரிக்கு அடிகளார் அங்குத் தங்கித் தமிழ் பயின்றார். தமிழுக்கு இலக்கணமும் வரைந்தார். அயலார் ஒருவர் நம் மொழியைக் கற்ற அவ்வூர், தன் பெயரின் தலையில் ஒரு மரத்தைத் தாங்கி நிற்கின்றது. அம்மரத்தைக் கண்டதுண்டா என்று என் வகுப்பிற் கேட்டேன். ஒருவரும் கண்டிலர்! மடகாசுகரிலிருந்து வந்த குல்மோகரை அறிவர். ஆத்திரேலியத் தைலமரத்தை அறிவர். நெய்தலின் கருப்பொருள் புன்னையென எழுதி மதிப்பெண் பெற்ற பிள்ளைகளே அவர்கள். குற்றம் அவர்களதன்று, ஏட்டை மட்டும் காட்டிய எனதே.

வடமொழிவாணர் இம்மரத்தைப் 'புன்னாகம்' என்பர். ஆண்யானையென்றும், ஆடவருள் யானையனையான் என்றும் அச்சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுவர். கொம்பும் தும்பிக்கையும் இல்லா மரத்தில் யானை எங்கிருந்து வந்தது? மலையாளத்தார் 'புன்ன' என்கின்றனர். தெலுங்கர் 'பொன்ன' என்கின்றனர். தென்மொழிகள் தமக்குள் பகிர்ந்துகொண்ட சொல்லை வடமொழி கடன்கொண்டு, பின்னர்ப் பொருள் புனைந்தது என்பதே என் துணிபு. ஆயினும் இவ்வழக்கை வென்றென் பயன்? சொல் நமதென்று நிறுவுகின்றோம். சொல் சுட்டும் மரமோ நம் கரையில் அருகி வருகின்றதே!

2025 சூலை 7ஆம் நாள் திருச்செந்தூர் முருகன் கோயிலிற் குடமுழுக்கு நடந்தது. அதனைத் தமிழில் நடத்துகவெனத் தமிழுணர்வாளர் குரல் எழுப்பினர். முறையான கோரிக்கையே. முருகனைப் பலகையிற் 'சுப்பிரமணிய சுவாமி' ஆக்கி வைத்திருப்போரிடம் இன்னும் உரக்கவே கேட்கவேண்டும். ஆனால், சீரலைவாய் எனப் பெயர்பெற்ற அக்கரையிற் புன்னை நடுக என எவரேனும் கேட்டனரா? நானும் கேட்டிலேன்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையிற் பலவிடத்துச் சவுக்கு நட்டனர். சவுக்கு விரைந்து வளரும், காற்றைத் தடுக்கும், விறகும் தரும். மறுப்பாரில்லை. எனினும் அதனையன்றி வேறு மரமே இல்லையென்பது போல நடுவது என்ன அறிவு? பசுமை காட்டவென நட்ட கோனோகார்ப்பசு மரத்தை 2025இல் தமிழக அரசே தடைசெய்ய நேர்ந்ததே! "புன்னை மெல்ல வளரும், ஐயா" என்கின்றனர் மரநடுவிழா நடத்துவோர். ஆம், மெல்லத்தான் வளரும். உடன்குடியிற் பனை நட்ட பாட்டன் தான் பதநீர் குடிக்கவா நட்டான்?

உப்புக்காற்றையும் வெறுமணலையும் தாங்கி, ஆண்டு முழுதும் இலையுதிர்த்து வெறுமையாகாமல் நிற்பது புன்னை. பளபளக்கும் தடித்த இலை, வெள்ளிதழ் நடுவே பொன்னிறத் தாது, கமழும் மணம். கொட்டையின் எண்ணெய், மண்ணெண்ணெய் வருமுன் விளக்கெரித்தது. மரம் படகுக்கு உதவியது. காய் கடலில் மிதந்து சென்று அயற்கரையிலும் முளைக்கும்.

வளர்ப்பதோ எளிது. நற்றிணை 172ஆம் பாட்டிற் சிறுமியர் விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த புன்னைவிதை முளைத்துவிடுகின்றது; அதனை அவர்கள் நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கின்றனர். அது உங்கள் உடன்பிறந்தாள் என்கின்றாள் தாய். அம்மரத்தடியிற் காதலனொடு நகையாட மகள் நாணுகின்றாள். நமக்கு நெய்யும் பாலும் வேண்டா. தானே உதிர்ந்த பழத்தின் சதையை நீக்கிக் கொட்டையை எடுத்துக்கொள்க. ஓட்டுடன் இட்டால் முளைக்க ஏறத்தாழ எட்டுக் கிழமை ஆகும். உள்ளீடு சிதையாமல் ஓட்டை நீக்கிவிட்டால் மூன்று கிழமையே போதும். மணல் கலந்த மண்ணிட்ட பையில் வளர்த்து, ஐப்பசி மழை தொடங்கியதும் வேரைக் குலைக்காமல் நடுக. விரிந்து படரும் மரமாதலின் ஒன்றற்கொன்று இருபத்தைந்தடியேனும் விடுக. முதல் மூன்று கோடைக்கு நீர் ஊற்றுக. பின்னர்க் கடற்காற்றே வளர்த்துவிடும்.

என் திண்ணையிற் பதினாறு பைகள் உள்ளன. முளைத்தவை ஒன்பது. இரண்டு பள்ளி முற்றத்திற்கு. ஏனையவற்றை நடுவதற்கு இடமும் நீரும் உடையோர் ஐப்பசிக்குள் வந்து பெற்றுக்கொள்ளலாம்.