கடையில புலி... கிளாஸ்ல எலி! பிள்ளைகளுக்கு கணக்கு கசப்பது ஏன்?

சென்னை:
சாயங்காலம் எந்த மார்க்கெட் பக்கம் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பூக்கூடை பக்கத்தில் அம்மாவுக்கு ஒத்தாசையாக ஒரு பொடியன். "முழம் 30 ரூபாய்னா 7 முழம் குடுப்பா" என்று 500 ரூபாய் நோட்டை நீட்டினால், கண் மூடித் திறப்பதற்குள் மீதி 290 ரூபாய் கைக்கு வந்துவிடும். அதே பையனிடம் மறுநாள் வகுப்பில் 500-ல் 210-ஐ கழிக்கச் சொன்னால் திருதிருவென்று விழிக்கிறான். "மக்கு" என்கிறார் வாத்தியார். "உனக்கெல்லாம் கணக்கு வராதுடா" என்று வீட்டிலும் முத்திரை குத்திவிடுகிறார்கள்.

நிஜமாகவே மக்கு யார்? பையனா? பாடம் நடத்தும் முறையா?

மார்க்கெட்டில் நடந்த சோதனை

இந்தக் கேள்வியோடு கொல்கத்தா, டெல்லி மார்க்கெட்டுகளில் இறங்கினார்கள், 2019-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டப்ளோவும். அவர்கள் குழுவின் ஆய்வு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானது. கடையில் வியாபாரம் பார்க்கும் 1,436 சிறுவர்களை சோதித்தார்கள்.

800 கிராம் உருளைக்கிழங்கு, 1 கிலோ 400 கிராம் வெங்காயம் என்று வேண்டுமென்றே எக்குத்தப்பான எடையில் கேட்டார்கள். கிலோ 20 ரூபாய், 15 ரூபாய் என்றால் 16-ம் 21-ம் சேர்த்து 37 ரூபாய். 200 ரூபாய்க்கு மீதி 163. பேப்பர், பேனா எதுவும் இல்லாமல் மனசுக்குள்ளேயே போட்டு, பெரும்பாலான பிள்ளைகள் டக்கென்று சரியாகச் சொன்னார்கள். அதே பிள்ளைகளிடம் பள்ளிக்கூட பாணியில் எழுதிக் கொடுத்த கணக்கில் பலர் தடுமாறிவிட்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் கேளுங்க. கடை அனுபவமே இல்லாத 471 பள்ளி மாணவர்களிடம் மார்க்கெட் கணக்கைக் கொடுத்தார்கள். கடைப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் போட்ட கணக்கை, பள்ளிப் பிள்ளைகளில் 1 சதவீதம் பேர்தான் போட முடிந்தது!

அதாவது, கடைக் கணக்கு கிளாசுக்கு வரவில்லை. கிளாஸ் கணக்கு கடைக்குப் போகவில்லை. நடுவில் பாலம் இல்லை. பிரேசில் நாட்டில் தெருவில் இளநீர் விற்ற சிறுவர்களிடமும் இதே கதைதான் என்று 1985-லேயே ஓர் ஆய்வு சொல்லிவிட்டது.

நாடு முழுக்க என்ன நிலைமை?

கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் 'ஏசர்' அறிக்கையின்படி, 2024-ல் நாடு முழுவதும் 3-ம் வகுப்புப் பிள்ளைகளில் கழித்தல் கணக்கு போடத் தெரிந்தவர்கள் 33.7 சதவீதம். 5-ம் வகுப்பில் வகுத்தல் தெரிந்தவர்கள் 30.7 சதவீதம். 2022-ஐ விட இது முன்னேற்றம்தான். ஆனாலும் 10 பேரில் 7 பேருக்கு வகுத்தல் வரவில்லை என்றால் சும்மா இருக்க முடியுமா?

நம்ம ஊரில் முயற்சி இல்லாமல் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அட்டைகளை வைத்து செயல்வழிக் கற்றல் ஆரம்பமானது. பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. கொரோனா விடுமுறையில் ஏற்பட்ட இடைவெளியை சரிக்கட்ட 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம். ஆட்டம், பாட்டு, பொம்மை எல்லாம் உண்டு.

விளையாட்டு மட்டும் போதாது

ஒரு வகுப்பறை கடையை நினைத்துப் பாருங்க. காலி பிஸ்கெட் கவர், அட்டையில் செய்த ரூபாய் நோட்டு, ஒரு தராசு. ஒருத்தன் கடைக்காரன், ஒருத்தி வாடிக்கையாளர். தக்காளி கிலோ 40, 800 கிராம் எவ்வளவு? "கிலோவுக்கு 200 கிராம் கம்மி. 40-ல 8 போனா 32" என்கிறாள் ஒரு பொண்ணு. சபாஷ்!

இங்கேதான் சூட்சுமம். கைதட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனால் அது வெறும் விளையாட்டு. ஆசிரியர் உடனே போர்டில் 40-ஐ 800-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்துக் காட்டி, "நீ மனசுல போட்டதுதான் இது" என்று சொல்ல வேண்டும். பாலம் கட்டுவது அந்த ஒரு நிமிஷம்தான்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. போர்ஷன் முடிக்கணும், பரீட்சை வைக்கணும். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைப் பார்க்கும் பள்ளிகளும் உண்டு. பரீட்சைத் தாளில் கடைக் கணக்குக்கு இடம் கொடுக்காத வரை, வகுப்பிலும் அதற்கு நேரம் கிடைக்காது.

தண்டல் கணக்கு தெரியுமா?

மார்க்குக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 10,000 ரூபாய் தண்டலில் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருகிறார்கள் என்று வைப்போம். தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். "ஆயிரம் ரூபாய்தானே" என்று தோன்றும்.

ஆனால் தினமும் திருப்பிக் கட்டுவதால் அந்த 9,000-ம் நம்ம கையில் முழுசாக நிற்பதில்லை. சராசரியாக சுமார் 4,500 ரூபாயைத்தான் 100 நாள் அனுபவிக்கிறோம். அதற்கு 1,000 வட்டி என்றால் 22 சதவீதம். வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தால் சுமார் 80 சதவீதம்! இது பள்ளிக்கூடத்து சதவீதக் கணக்குதான். வகுப்பில் இதைப் போட்டுப் பார்த்த பிள்ளை, நாளைக்கு கையெழுத்துப் போடும் முன் யோசிக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளையை வேலைக்கு அனுப்பச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம்தான் அவர்கள் இடம். கடைக்குப் போகும்போது கூட்டிட்டுப் போங்க. செல்போனில் தட்டுவதற்கு முன்னால் "மீதி எவ்வளவு வரும்?" என்று கேளுங்க. பதில் சொன்னதும் எப்படிப் போட்டான் என்று நோட்டில் எழுத வையுங்க. கரண்ட் பில், பஸ் டிக்கெட், கேஸ் சிலிண்டர், எல்லாமே கணக்கு வாத்தியார்தான்.

முக்கியமாக, "எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராது" என்று பிள்ளை முன்னால் சொல்லாதீங்க. 7 முழம் பூவுக்கு நொடியில் மீதி கொடுக்கிற பிள்ளைக்கு கணக்கு ஏற்கனவே வந்துவிட்டது. அதை நோட்டுப் புத்தகத்துக்குக் கொண்டுவர வேண்டியது பெரியவங்க வேலை.