தொண்டு ஊழியர் நலம் யார் பொறுப்பு?

2020 மார்ச் 24 நள்ளிரவு நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தபோது அலுவலகங்கள் மூடப்பட்டன. தொண்டு நிறுவனங்களின் வேலையோ பன்மடங்கு பெருகியது. அந்நாளில் தொண்டு நிறுவனங்களின் துணையுடன் இயங்கிய 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு, மார்ச் 20 முதல் 31 வரை மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமான அழைப்புகள் வந்தன. அவற்றில் சுமார் 92,000 அழைப்புகள் கொடுமையிலிருந்து பாதுகாப்புக் கோரியவை.

அதே காலத்தில்தான் பல நிறுவனங்களின் ஆலோசகர்கள் வீட்டிலிருந்தே பணிபுரிய நேர்ந்தது. நெருக்கடிக்காகச் செய்த ஏற்பாடு, தொற்று தணிந்த பின்னும் பல இடங்களில் ஓரளவு நிலைத்துவிட்டது. வாடகை மிச்சம், பயணச் செலவு மிச்சம் என்பது நிர்வாகிகளின் கணக்கு. அந்தக் கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு. அதை ஊழியர்களே சுமக்கிறார்கள்.

வீட்டுக்குள் வந்த துயரம்

மற்ற அலுவலர்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது கோப்புகளை. தொண்டு ஊழியர் கொண்டுவருவதோ பிறர் துயரத்தை. அடிபட்ட பெண்ணின் அழுகையை, ஒரே அறையுள்ள வீட்டில், தம் பிள்ளைகள் காதில் விழாமல் அவர் கேட்க வேண்டும். சொன்னவரின் ரகசியத்தையும் காக்க வேண்டும். அலுவலகத்தில் என்றால் அடுத்த மேஜைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசி மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். வீடு திரும்பும் பஸ் பயணமே ஓர் ஓய்வாக இருந்தது. இப்போது இரண்டும் இல்லை.

சட்டத்தின் நெருக்குதல்

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டு, நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நன்கொடை ஏழைகளைச் சென்றடைய வேண்டும் என்ற நோக்கத்தில் தவறில்லை. ஆனால் வாடகையும் தொலைபேசிக் கட்டணமும் விதிப்படி நிர்வாகச் செலவுகளே. வீட்டிலிருந்து பணிபுரிபவருக்கு முதலில் தேவைப்படுவது தொலைபேசி வசதி. வீட்டில் இடமில்லாதவருக்குத் தேவைப்படுவது அலுவலக அறை. வரம்பு நெருக்கும்போது கத்தரிக்கோல் எட்டும் தூரத்தில் இருப்பவை இவைதான்.

செய்யக்கூடியவை

பெரும் பணம் தேவைப்படாத பரிகாரங்களும் உண்டு. பணி நேரம் முடிந்தபின் ஊழியரின் சொந்த எண்ணுக்கு அழைப்பு போகக்கூடாது. கடினமான அழைப்புக்குப் பின் அன்றே ஒரு மூத்தவரிடம் பேச வழி வேண்டும். நன்கொடையாளர்களும் ஊழியர் நலனை வீண்செலவாகக் கருதக்கூடாது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எவரும் அழைக்கலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் அதன் தலைமை மையம். எனினும் இந்த எண்ணைச் சொல்லிவிட்டு நிறுவனம் கைகழுவிவிட முடியாது.

சேவை மனம் படைத்தவர்களுக்குச் சோர்வு வராது என்ற எண்ணம் பழையது, தவறானதும்கூட. அனுபவமுள்ள ஓர் ஆலோசகர் மனமொடிந்து விலகினால், நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல. மறுநாள் உதவி கேட்டு அழைக்கும் குழந்தைக்கும்தான்.