பிள்ளைகள் சறுக்கும் மலைக்கு நாமும் போவோம்



ஒக்டோபர் பிறந்துவிட்டது. கடைகளில் பூசணிக்காய்களுக்குப் பக்கத்திலேயே கம்பளிக் கையுறைகளையும் அடுக்கிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தக் கடிதம் வரும்: பனிச்சறுக்கு முகாமுக்குப் பிள்ளை வருகிறதா, உயரம் எவ்வளவு, நிறை எவ்வளவு, சப்பாத்து எத்தனையாம் இலக்கம்? நாம் கையெழுத்து வைத்து அனுப்பிவிடுவோம். பிள்ளை ஐந்து நாள் மலையில் இருந்துவிட்டு, கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்து மிச்ச முகமெல்லாம் கறுத்து, வாய் ஓயாமல் கதைத்தபடி வீட்டுக்கு வரும். அந்தக் கதையில் பாதி நமக்குப் பிடிபடாது. நாம் அந்தச் சரிவில் ஒருநாளும் நின்றதில்லை.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து சுவிற்சர்லாந்துக்கு வரத் தொடங்கிய தமிழர்களாகிய நாம் இன்று ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் தித்லிசுக்கும் யுங்பிராவுக்கும் கூட்டிக்கொண்டு போகிறோம், பனியை அள்ளி எறிந்து படம் எடுக்கிறோம், பின்னேரம் இறங்கிவிடுகிறோம். மற்றப்படி பனி என்றால் நமக்கு விடியற்காலை வேலைக்கு ஓடும்போது வழுக்கும் தெருவும், பிந்தி வரும் பஸ்சும்தான். பனிச்சறுக்கைப் பற்றிக் கேட்டால், "அது காசுக்காரரின் விளையாட்டு" என்ற ஒரே பதில் வரும்.

அந்தப் பதில் பாதி சரி. செர்மாட், சென்ட் மோரிட்ஸ் போன்ற இடங்களில் வளர்ந்த ஒருவருக்கு ஒருநாள் சீட்டு மட்டும் உச்சக் காலத்தில் 80 பிராங்கைத் தாண்டும். விமானச் சீட்டு மாதிரி நாளுக்கு நாள் விலை மாறும் முறையும் பெரிய இடங்களில் பரவிவிட்டது. நாலு பேர் கொண்ட குடும்பம் அங்கே ஒரு கிழமை நின்றால் ஊருக்குப் போய்வரும் காசு கரைந்துவிடும். ஆனால் இந்த நாட்டில் மலை அந்த இரண்டு ஊரோடு முடிந்துவிடவில்லை. நூற்றுக்கணக்கான சின்ன மலையூர்களில் லிப்ட் ஓடுகிறது. முதன்முதலாகப் பலகையில் ஏறி நிற்கப் போகிறவருக்கு 300 கிலோமீற்றர் சறுக்குப்பாதை எதற்கு? அவருக்குத் தேவை சாய்வு குறைந்த ஒரு வெளியும், பொறுமையான ஓர் ஆசிரியரும்தான்.

உதாரணத்துக்கு எல்ம். கிளாறுஸ் மாநிலத்தில், செர்ன்ப் பள்ளத்தாக்கின் கடைசி ஊர். சூரிச் நிலையத்தில் எஸ் 25 ரயிலில் ஏறி ஸ்வாண்டனில் இறங்கினால் அங்கிருந்து பஸ். வாகனம் இல்லாதவர்களும் போகலாம். ஊர் ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சறுக்குமிடம் 2100 மீற்றர் வரை போகிறது. இந்த உயரக் கணக்கைக் கவனியுங்கள். பூமி சூடேறி வருவதால் 1500 மீற்றருக்குக் கீழே பனியை நம்பிப் பணம் கட்டுவது இப்போதெல்லாம் சூதாட்டம். சின்ன இடம் தேடும்போது விலைக்கு அடுத்து நான் பார்ப்பது மேல் நிலையத்தின் உயரத்தைத்தான். எல்மில் கொண்டோலா என்ற கம்பிவடப் பெட்டியில் ஏறி எம்பெக்லியில் இறங்கினால் நீங்கள் ஏற்கெனவே ஏறத்தாழ 1500 மீற்றரில் நிற்கிறீர்கள். பழகுபவர்கள் தொடங்குவது அங்கேதான்.

ஊரும் வெறும் லிப்ட் நிலையமல்ல. பழைய மரவீடுகளைப் பேணிக் காத்ததற்காக 1981இல் வாக்கர் பரிசு பெற்ற ஊர் இது. எதிரே நிற்கும் சிங்கெல்ஹோர்ன் மலைகளில் மார்ட்டின்ஸ்லொக் என்ற ஓட்டை இருக்கிறது. மார்ச் நடுவிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் சில காலைகளில் அந்த ஓட்டை வழியாக வரும் வெயில் தேவாலயத்தின் மீது விழும். ஒரு காலத்தில் இந்த ஊர்ச் சிலேட்டில் எழுதிப் படித்த பிள்ளைகள் ஐரோப்பாவெங்கும் இருந்தார்கள். அந்தச் சிலேட்டுக்காக மலையின் அடியைக் கண்மூடித்தனமாகக் குடைந்ததால் 1881 செப்டெம்பரில் மலையே சரிந்து 114 பேரைக் கொன்றது. பிறகு இதே ஊரில் 1964இல் பிறந்த வ்ரேனி ஷ்னைடர் பனிச்சறுக்கில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றார்: 1988இல் இரண்டு, 1994இல் ஒன்று. உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் எல்மர் சிற்றோ குளிர்பானப் போத்தல் இருந்தால் அந்தத் தண்ணீரும் இங்கிருந்து வருவதுதான்.

எல்முக்குத்தான் போகவேண்டும் என்று சொல்ல வரவில்லை. பேர்ண் பக்கத்து வாசகர்களுக்கு டீம்டிக் பள்ளத்தாக்கு கிட்ட, லுசேர்ன்காரருக்குச் சோரன்பெர்க். உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. தூரம் போனால் பயணத்தில் பிள்ளையும் களைக்கும், பணமும் கரையும்.

அடுத்தது திகதி. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட கிழமைதான் எங்கும் விலை கூடியது. மாசி மாத விளையாட்டு விடுமுறையில் சின்ன இடங்களும் நிரம்பும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேறு வழி இல்லை என்று நினைக்கவேண்டாம். சூரிச் மாநிலத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடத்துக்கு இரண்டு ஜோக்கர் நாள் உண்டு: அன்று பள்ளிக்குப் போகாமல் இருக்கக் காரணம் சொல்லத் தேவையில்லை. வேறு பல மாநிலங்களிலும் இதுபோன்ற ஏற்பாடு இருக்கிறது. நம் வீடுகளில் அந்த நாட்கள் அநேகமாக யாருடையோ சாமத்திய வீட்டுக்கோ கலியாண வீட்டுக்கோ போய்விடும். இந்த முறை தை மாதத்தில் ஒரு வியாழனையும் வெள்ளியையும் எடுங்கள். சனி, ஞாயிறோடு நாலு நாள். தையில் பனியும் நன்றாக இருக்கும், கூட்டமும் குறைவு. குளிர் பிடிக்காதவர்கள் மார்ச்சைத் தெரிவு செய்யலாம். பகல் நீளும், வெயில் வரும். ஆனால் பின்னேரத்தில் பனி கஞ்சியாகிவிடும், காலையிலேயே பழகி முடிக்கவேண்டும்.

தங்குமிடத்தில்தான் நம்மவர்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. ஹோட்டலை மறந்துவிடுங்கள். ஒரு குடும்பம் என்றால் சமையலறை உள்ள விடுமுறை வீடு. விலையைப் பார்க்கும்போது இறுதித் துப்புரவுக் கூலி, உல்லாசப் பயண வரி, கட்டில் விரிப்புக் காசு மூன்றும் அதில் அடங்கியிருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மூன்று இரவுக்கு எடுத்தாலும் துப்புரவுக் கூலி ஒரு கிழமைக்கு உரியதே. அதனால் இரண்டு குடும்பம் சேர்ந்து எடுத்தால் அந்தச் சுமை பாதியாகும். நாலைந்து குடும்பம் சேர்வதாக இருந்தால் இன்னும் நல்லது: பள்ளி முகாம்கள் தங்கும் லாகர்ஹவுஸ் நாடெங்கும் இருக்கின்றன. அடுக்குக் கட்டில், பெரிய அடுப்பு, பெரிய பானை, நீள மேசை. தலைக்கு இவ்வளவு என்று கணக்கு, ஹோட்டலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அண்ணன் குடும்பம், மச்சாள் குடும்பம், பக்கத்து வீட்டார் என்று கூடிச் சமைத்துச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. விடுமுறை வீட்டில் தாளிக்கும்போது மட்டும் யன்னலைத் திறந்து வையுங்கள். துப்புரவுக் கூலி கூடிவிடக்கூடாது.

வருமானம் குறைந்த குடும்பங்களும், தாயோ தகப்பனோ தனியாகப் பிள்ளை வளர்க்கும் வீடுகளும் ரேக்கா என்ற கூட்டுறவு அமைப்பை விசாரியுங்கள். 1939இல் தொடங்கியது. நிபந்தனைக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு கிழமை விடுமுறையை மிகச் சிறிய பங்களிப்புக்குக் கொடுக்கும் திட்டம் அவர்களிடம் இருக்கிறது. விண்ணப்பிக்க வெட்கப்படத் தேவையில்லை. அது அதற்காகவே ஏற்படுத்தப்பட்டது.

உடுப்புக்கும் பலகைக்கும் வருவோம். முதல் வருடம் புதிதாக எதையும் வாங்காதீர்கள். வளரும் பிள்ளைக்குச் சப்பாத்தும் பலகையும் சோடியாகப் பருவம் முழுவதற்கும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. மூன்று, நாலு நாளுக்கு மேல் பாவிப்பதாக இருந்தால் அதுதான் லாபம். பெரியவர்கள் மலையடிவாரத்துக் கடையில் நாள் வாடகைக்கு எடுக்கட்டும். காலுக்குச் சரிவராத சப்பாத்தை அங்கே உடனே மாற்றலாம். ஒக்டோபரிலும் நவம்பரிலும் ஊர்தோறும் நடக்கும் பழைய பனிச்சறுக்குப் பொருள் சந்தையில் காற்சட்டை, ஜக்கெற், கண்ணாடி மலிவாகக் கிடைக்கும். பழைய பொருள் விற்கும் புறொக்கிக் கடையிலும் தேடலாம். தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்காதீர்கள், எங்கே அடிபட்டது என்று யாருக்குத் தெரியும்? யாரிடமாவது பலகை இரவல் வாங்கினால் அப்படியே மாட்டிக்கொண்டு போகாமல், கடையில் கொடுத்துப் பிணைப்பைச் சரிசெய்ய வேண்டும். உங்கள் உயரம், நிறை, வயது, சப்பாத்தின் நீளம், அனுபவம் எல்லாவற்றையும் வைத்துத்தான் அதன் இறுக்கத்தை அமைப்பார்கள். விழும்போது அது கழன்றால்தான் முழங்கால் தப்பும்.

இன்னொன்று. குளிருக்கு என்று இரண்டு சோடி காலுறை போடுவது நம் வழக்கம். பனிச்சறுக்குச் சப்பாத்துக்குள் ஒரே ஒரு சோடி மெல்லிய நீளக் காலுறைதான். இரண்டு போட்டால் கால் நெருக்குண்டு, இரத்தம் ஓடாமல் இன்னும் கூடக் குளிரும். ஜீன்ஸ் கூடவே கூடாது. உள்ளே பருத்தி பனியனும் வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். பிள்ளையைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு, பையையும் பிளாஸ்கையும் காவிக்கொண்டு கீழே நிற்காதீர்கள். நீங்களும் பழகுங்கள். பிள்ளைக்குப் பள்ளி முகாம் இருக்கிறது. கட்டாயப் பள்ளி முகாம்களுக்குப் பெற்றோரிடம் உணவுச் செலவை மட்டுமே கேட்கலாம், அதுவும் நாளுக்கு 10 முதல் 16 பிராங்க் வரைதான் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே பிள்ளை எப்படியும் பழகிவிடும். பழகாமல் நிற்பது நாம்தான். குடும்பத்துக்கென்று ஒதுக்கும் பணத்தில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இரண்டு அரைநாள் குழு வகுப்பை முதலில் எழுதி வையுங்கள். தனி வகுப்பு வேண்டாம், விலை அதிகம். சேர்ந்து விழுந்தால் வெட்கமும் குறையும். நாற்பது வயதுக்கு மேல் பழகலாமா என்று கேட்பவர்களுக்கு: முழங்கால் நல்லாயிருந்தால் தாராளமாக. நவம்பரிலிருந்தே தினமும் படியேறி இறங்குங்கள். தொடை உங்களுக்கு நன்றி சொல்லும்.

முதல் நாள் முழு மலைக்கும் சீட்டு வாங்குவது வீண். பழகும் வெளியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும் பட்டைக்கும், மேலே போகும் கொண்டோலாவுக்கும் போதுமான சீட்டு எது என்று முகப்பில் கேளுங்கள். சின்ன இடங்களில் ஆறுதலாக விளக்கிச் சொல்வார்கள். ஆசிரியர் முதலில் கற்றுத்தருவது எப்படி நிற்பது என்பதை. பலகைகளின் முனையைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். பிள்ளைகள் அதைப் பிட்சா என்பார்கள். அது வசப்பட்டால் எளிதான நீலப் பாதையில் மெதுவாக இறங்கலாம். கடினமான சிவப்பும் கறுப்பும் இந்த வருடத்துக்கு இல்லை. கீழே இருப்பவருக்கே எப்போதும் முன்னுரிமை, இளைப்பாறுவதென்றால் பாதையின் ஓரத்தில்: இந்த இரண்டும் மனதில் பதிந்திருக்கட்டும். நாலு நாளில் ஒருநாளைச் சறுக்குவண்டிக்கு விடுங்கள். எம்பெக்லியிலிருந்து ஊர்வரை அதற்கென்று பாதை இருக்கிறது, பயிற்சியும் வேண்டாம், அப்பம்மாவும் வரலாம்.

காப்புறுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் தொழில் வழியாகக் காப்புறுதி உண்டு. பிள்ளைகளுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் நோய்க் காப்புறுதியில் விபத்து சேர்க்கப்பட்டிருக்கவேண்டும். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அடிப்படைக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியைத்தான் தரும், அதுவும் வருடத்துக்கு 5000 பிராங்க் வரை. மிச்சத்துக்கு மேலதிகக் காப்புறுதி வேண்டும். ரேகா வான்மீட்பு அமைப்புக்கு வருட ஆதரவாளராகச் சேர்ந்தால் அவர்களுடைய செலவை அவர்களே விட்டுக்கொடுப்பதும் உண்டு. அவர்களுடைய அவசர இலக்கம் 1414, அம்புலன்சுக்கு 144.

பயணத்துக்கு அரைக்கட்டண அட்டையும், பிள்ளைகளுக்கு வருடம் 30 பிராங்க் யூனியர் அட்டையும் போதும். சாப்பாட்டுக்கு மலைக் குடிலில் சூப்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாங்கப் போனால் பணப்பை இளைக்கும். ரோல்ஸ், முட்டை பாண், சூடான பிளேன்ரீ, ஒரு துண்டு தொதல். இவை குளிரைத் தாங்கும். இடியப்பம் தாங்காது.

நவம்பர் முடியுமுன் வீட்டையும் வகுப்பையும் பதிவு செய்துவிடுங்கள். பனி இல்லாவிட்டால் பணம் திரும்புமா என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். உங்கள் பக்கத்தில் உள்ள மலிவான, அமைதியான மலையூர் எது, அங்கே எங்கே தங்கினீர்கள், எவ்வளவு முடிந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். தை இதழில் இரண்டு பக்கம் அதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்