சுபாவத்துக்கு ஒரு வரப்பு

“என்ன செய்வது, என் சுபாவம் அப்படி” என்ற பேச்சை நாம் அன்றாடம் கேட்கிறோம், நாமும் சொல்கிறோம். அவசரப்பட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரும் சொல்கிறார். மறுக்க மனமின்றி உறவினரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டவரும் சொல்கிறார். கேட்க வேண்டியதை அதிகாரியிடம் கேட்காமல் திரும்பி வந்தவரும், கேட்ட விதத்தில் காரியத்தைக் கெடுத்துக்கொண்டவரும் அதையே சொல்கின்றனர். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் முதல் மூணாறு, வண்டன்மேடு வரை, எல்லையின் இருபுறமும் நிலமும் உறவும் வங்கிக் கணக்கும் வைத்து வாழும் தமிழர்களாகிய நமக்கு இச்சொல் ஒரு சமாதானமாகவே ஆகிவிட்டது. சமாதானம் சொல்லி முடித்த பிறகு, அதே பிழையை அடுத்த பருவத்திலும் செய்கிறோம்.

மனிதரின் இயல்பை வகைப்படுத்தும் முயற்சி மிகப் பழையது. கிரேக்க மருத்துவ மரபில் வந்த காலன், இரண்டாம் நூற்றாண்டில், உடலில் ஓடும் நான்கு நீர்மங்களைக் கொண்டு மனிதரின் உடலையும் குணத்தையும் விளக்கினார். கிளர்ச்சி மிக்கவர், சினம் மிக்கவர், சோர்வு மிக்கவர், நிதானம் மிக்கவர் என்ற பிரிவு அவ்வழியே வளர்ந்தது. நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகக் கூறிற்று. இன்றைய அறிவியல் அந்த நீர்மக் கணக்கைக் கைவிட்டுவிட்டது. எனினும் பிறப்பிலேயே சிலர் துணிவு மிக்கவராகவும் சிலர் அச்சம் மிக்கவராகவும் இருக்கின்றனர் என்பதைப் பிள்ளை வளர்த்த எந்தத் தாயும் மறுக்கமாட்டார். திருவள்ளுவரும் வெகுளாமை, மடியின்மை, பொச்சாவாமை, அவையஞ்சாமை எனக் குணக் குறைகளுக்குத் தனித்தனி அதிகாரம் வகுத்தார். இவை திருத்திக்கொள்ளக் கூடியவை என்ற நம்பிக்கை இல்லாதவர் இத்தனை அதிகாரங்களை எழுதியிருக்கமாட்டார்.

எவ்வாறு திருத்துவது என்பதே கேள்வி. “இனிமேல் கோபப்படமாட்டேன்”, “இனி அவசரப்படமாட்டேன்” என்று சபதம் செய்வது நம் வழக்கம். சபதம் அமைதியான நேரத்தில் செய்யப்படுகிறது. பிழையோ கொந்தளிப்பான நேரத்தில் நிகழ்கிறது. ஆகவேதான் சபதங்கள் நிற்பதில்லை. குணத்தையே மாற்ற முயல்வதைக் காட்டிலும், அந்தக் குணம் தீங்கு செய்யும் இடத்தை அறிந்து, அங்கே முன்கூட்டியே ஓர் ஏற்பாட்டைச் செய்துவைப்பதே நடைமுறைக்கு உகந்தது என்பது நம் கருத்து. வயலில் நீர் வேண்டும். ஆனால் வரப்பும் வேண்டும்.

இடுக்கியின் ஏலக்காய் விலை நம் குணங்களை நமக்கே காட்டிய கண்ணாடி. 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளமும் நிலச்சரிவும் தோட்டங்களைச் சிதைத்தன. அடுத்து வந்த கோடையும் செடிகளை வாட்டியது. வரத்துக் குறைந்ததால், 2019 ஆகஸ்டில் புற்றடியில் நடந்த மின்னணு ஏலத்தில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையைக் கண்டு நம்மில் பலர் வட்டிக்கு வாங்கிப் புதுச் செடி நட்டோம்; கேட்ட குத்தகையைக் கொடுத்து நிலம் எடுத்தோம். ஏலச்செடி நட்டபின் நல்ல பலன் தர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகவே 2019இல் நட்டவர் காய் பறித்து ஏலத்துக்குக் கொண்டுசென்றது ஏறத்தாழ 2022இல். அப்போது சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இருந்தது. அந்த வீழ்ச்சியில் அஞ்சிய வேறு சிலர் செடிகளுக்கு உரமிடுவதையும் மருந்தடிப்பதையும் நிறுத்திவிட்டனர். 2024 கோடையின் கடும் வறட்சிக்குப் பிறகு விலை மீண்டும் 2,000 ரூபாயைத் தாண்டியபோது அவர்களிடம் விற்கக் காய் இல்லை. ஒருவரை அவசரம் கெடுத்தது. மற்றவரை அச்சம் கெடுத்தது. இருவரும் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர்.

இத்தகைய இயல்புக்கு ஏற்ற வரப்பு நாட்காட்டியும் கணக்கேடும் ஆகும். ஏலக்காய் ஒரே நாளில் பறிக்கப்படுவதில்லை. பருவம் முழுவதும் சில வார இடைவெளியில் பலமுறை பறிக்கிறோம். ஒவ்வொரு பறிப்பிலும் கூலிக்கும் உரத்துக்கும் வேண்டிய அளவை உடனே விற்பது, மீதியில் எவ்வளவு இருப்பு வைப்பது என்பனவற்றைப் பருவம் தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிடலாம். கணக்கில் இருப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மிகுதியை வைப்புத் தொகைக்கு மாற்றும்படி வங்கியில் நிலையான அறிவுறுத்தல் கொடுத்துவிடலாம். புது நிலம் எடுக்கும் முடிவை, எண்ணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு மாதம் கழித்தே எடுப்பது என வீட்டில் ஒரு விதி செய்துகொள்ளலாம். இரண்டு மாதத்துக்குப் பின்னும் அது நல்ல முடிவாகத் தோன்றினால் எடுக்கலாம், நட்டம் ஒன்றுமில்லை.

அடுத்தது தாட்சண்யம். பாலக்காட்டுக் கிழக்குப் பகுதியில் நெல் அறுவடை முடிந்து கொள்முதல் பணம் கணக்கில் ஏறும் காலத்தில், யார் வீட்டுக்கு யார் வருவார்கள் என்பது நமக்குத் தெரியும். “மாமா, ஒரு கையெழுத்துத்தானே” என்று மருமகன் முறையில் உள்ளவர் கேட்கும்போது, மறுப்பது உறவையே அறுப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் அது வெறும் கையெழுத்தன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவில், ஒப்பந்தம் வேறு விதமாகக் கூறாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது. கடனாளி தவறினால் அசலும் வட்டியும் நம் பொறுப்பு. முதலில் அவர் சொத்தை விற்றுப் பார்த்துவிட்டு நம்மிடம் வரவேண்டும் என்ற கட்டாயமும் கடன் கொடுத்தவருக்கு இல்லை.

இரக்கம் நம் நற்குணம். அதை விட்டுக் கல்நெஞ்சராக மாறவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இக்குணம் உடையவர் தனியே முடிவெடுக்காமல் இருப்பதே போதுமானது. “எங்கள் வீட்டில் இருவரும் கலந்து பேசாமல் எதிலும் கையெழுத்திடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை கழித்துச் சொல்கிறோம்” என்ற ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்ளலாம். இதில் பொய்யும் இல்லை, அவமதிப்பும் இல்லை. அந்த இடைவெளியில் கடன் எவ்வளவு, எதற்காக, எப்படித் திரும்பும் என்று கேட்டு, பத்திரங்களின் நகலையும் வாங்கிப் படிக்கலாம். உதவத்தான் வேண்டும் என்று தோன்றினால், திரும்பி வராவிட்டாலும் குடும்பம் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுவது, எல்லை தெரியாத பொறுப்பை ஏற்பதைவிட மேல். உறவும் அதனால் பெரும்பாலும் தப்பிக்கும்.

மூன்றாவது, வாய் திறக்க அஞ்சும் இயல்பு. தலைமுறை தலைமுறையாகப் பிறர் சொல்லக் கேட்டே வாழ்ந்த நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் இது மிகுதி. இதற்கு மருந்து எது என்பதை மூணாறே 2015 செப்டம்பரில் காட்டியது. போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து, 20 சதவீதம் கேட்டு, பெரும்பாலும் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுத் தாமே சாலையில் அமர்ந்தனர். ‘பெண்பிள்ளை ஒருமை’ என்று அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் மலையாளத்தில் ‘பெம்பிளை ஒருமை’ என நாடெங்கும் பரவியது. ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில், போனஸாகவும் கருணைத் தொகையாகவும் சேர்த்து அந்த 20 சதவீதம் கிடைத்தது. அதன் பின்வந்த பிளவுகளும் அரசியலும் வேறு கதை. அப்பெண்களின் கூச்சம் ஒரே இரவில் அகன்றுவிடவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. தனியாக மேலாளர் முன் நிற்கத் தயங்கியவர்கள், அருகில் இருந்தவரின் தோளைத் தொட்டுக்கொண்டு பேசினார்கள். அஞ்சும் இயல்பு உடையவருக்குத் துணையே வரப்பு. அரசு அலுவலகத்துக்கோ வங்கிக்கோ செல்லும்போது கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதி, அண்டை வீட்டாரையோ சுய உதவிக் குழுத் தோழியையோ உடன் அழைத்துச் செல்வதில் வெட்கத்துக்கு இடமில்லை.

நான்காவது சினம். பாலக்காட்டுத் திருநெல்லாயியில் 1932இல் பிறந்த தமிழரான டி. என். சேஷனின் கடுமை நாடறிந்தது. 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த அவர் எவருடனும் மோதத் தயங்கியதில்லை. ஆனால் அவர் கையில் எடுத்த நடத்தை விதித்தொகுப்பு அவர் இயற்றியதன்று. அதன் தொடக்கம் 1960ஆம் ஆண்டுக் கேரளச் சட்டமன்றத் தேர்தலில் இருக்கிறது. ஏட்டில் கிடந்த விதியை அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய சினம் விதியின் வழியே ஓடிய இடங்களில் தேர்தல் தூய்மை பெற்றது. தனிமனிதர் மீது பாய்ந்த இடங்களில் வீண் பகையே மிஞ்சியது என்பது நம் கணிப்பு. நமக்கும் இது பொருந்தும். கோபம் வரும்போது “இவர் எனக்கு என்ன செய்தார்” என்பதை விட்டு, “இங்கே எந்த விதி மீறப்பட்டது” என்று எழுத உட்கார்ந்தால், சினத்தின் பாதி அந்தத் தாளிலேயே இறங்கிவிடும். மீதி நல்லதொரு புகார் மனுவாகும்.

இவையெல்லாம் ஊன்றுகோல்கள்தாமே, உள்ளம் மாறவில்லையே என்று சிலர் கேட்கலாம். ஊன்றுகோல் பிடித்தேனும் நடப்பவர் ஊர் போய்ச் சேருகிறார். ஒரே ஏற்பாட்டைப் பல ஆண்டுகள் கடைப்பிடித்தால் அது பழக்கமாகி, பிள்ளைகள் நம்மை நிதானமானவர் என்றே நினைக்கும் நாளும் வரலாம்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. எல்லாத் துன்பத்தையும் சுபாவத்தின் தலையில் சுமத்துவது அநீதி. விலை சரிந்ததற்கு விவசாயியின் குணம் காரணமன்று; கூலி குறைந்ததற்குத் தொழிலாளியின் கூச்சம் மட்டும் காரணமன்று. வாரக்கணக்கில் உறக்கமின்றி, எதிலும் பிடிப்பின்றி ஒருவர் இருந்தால் அது சோம்பலும் அன்று, சுபாவமும் அன்று. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய நோய். நம் கைக்குள் இருப்பதை மட்டுமே நாம் திருத்த முடியும். அதையாவது திருத்திக்கொள்வோம் என்பதே நாம் வேண்டுவது.

இந்த மாதம் ஒரு மாலைப் பொழுதில், கடந்த ஐந்து ஆண்டுகளில் நமக்கு நட்டம் தந்த மூன்று முடிவுகளை எழுதிப் பார்ப்போம். மூன்றிலும் ஒரே குணம் தலைகாட்டினால், நம் வரப்பை எங்கே கட்ட வேண்டும் என்பது விளங்கிவிடும். அதன் பிறகும் “என் சுபாவம் அப்படி” என்று நாம் சொல்லலாம். “ஆகையால் இப்படி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன்” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.